மேய்ச்சல் நிலத்துக்கு மூட்டை உரமா, குப்பை உரமா?

பங்குனி, சித்திரை மாதங்களில் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் காலை வேளையில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். பால் கறந்தபின் அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள், கல் நட்ட வீட்டு மனைகளுக்கு இடையிலும், ஏரிக்கரைச் சரிவிலும், விமானப்படை வளாகத்தின் மதிலோரத்திலும் காய்ந்த புல்லைக் கரம்பிக்கொண்டிருக்கும். வயிறு நிறைந்தாற்போலத்தான் தோன்றும். ஆனால் அவற்றில் ஒன்றிரண்டு, புல்லை விட்டுவிட்டுக் கந்தல் துணியை மெல்லும். குப்பைமேட்டில் கிடைத்த எலும்பைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்கும். கெட்ட பழக்கம் என்று மாட்டுக்காரர் கோலால் தட்டி ஓட்டிவிடுவார்.

குடற்புழுவாலும், உப்புக் குறைவாலும் மாடு இப்படிச் செய்வதுண்டு. ஆனால் கோடையில், காய்ந்த புல் ஒன்றையே நம்பியிருக்கும் கறவை மாடு எலும்பைத் தேடுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மணிச்சத்துக் குறைவையே. பச்சையாக இருக்கும்போது நூற்றுக்கு 0.2 முதல் 0.3 பங்கு வரை மணிச்சத்து கொண்டிருக்கும் புல், பூத்து முற்றிக் காய்ந்தபின் 0.1 பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மாட்டின் தேவையோ குறைவதில்லை. ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 1 கிராம் மணிச்சத்து போகிறது. வெளியிலிருந்து கிடைக்காதபோது மாடு தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் விடுகிறது. அடுத்த ஈற்றுக்குச் சினைப்பருவம் தள்ளிப்போகிறது. 'மாடு நிற்கவில்லை' என்று வைத்தியரைத் தேடி அலைவது அதன் பிறகு.

தென்னாப்பிரிக்காவில் இந்த நோயை முழுமையாக ஆராய்ந்தவர் ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை விஞ்ஞானி. அங்கே மேய்ச்சல் வெளியில் செத்த மாடுகளின் எலும்பைத் தின்ற மாடுகள், அழுகிய எலும்பிலிருந்த நஞ்சால் கால் விளங்காமல் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நஞ்சை முறிக்க மருந்து தேடுவதோடு நில்லாமல், மாடு ஏன் எலும்பைத் தின்கிறது என்று அவர் கேட்டார். மண்ணில் மணிச்சத்து இல்லை, ஆகவே புல்லில் இல்லை, ஆகவே மாட்டில் இல்லை என்பது விடை. எலும்புத்தூளைத் தீவனத்தில் சேர்த்ததும் மாடுகள் எலும்பு தேடுவதை நிறுத்தின, சாவு குறைந்தது, எடையும் கூடியது. 1920-ஆம் ஆண்டுகளில் தெளிவாகிவிட்ட இந்த உண்மை நம் தொழுவங்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது வருந்தத்தக்கதே.

அப்படியானால் மேய்ச்சல் நிலத்துக்கு மணிச்சத்து இட்டால் தீர்ந்ததா? இங்கேதான் இரு கட்சியாரின் வாக்குவாதம் தொடங்குகிறது. சூப்பர் பாஸ்பேட் மூட்டையை அவிழ்த்து வீசினால் போதும் என்பர் ஒரு சாரார். இரசாயன உரமே மண்ணுக்கு விஷம், குப்பை உரம் ஒன்றே போதும் என்பர் மற்றொரு சாரார். இருவருமே மண்ணுக்குள் மணிச்சத்து என்ன ஆகிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

தழைச்சத்து நீரோடு ஓடும், காற்றிலும் போகும். மணிச்சத்தின் குணமே வேறு. விழுந்த இடத்தைவிட்டு அது எளிதில் நகராது. செம்மண்ணில், அதிலும் புளிப்புச் சாயலுள்ள செம்மண்ணில், இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். ஆவடிக்கு வடகிழக்கே உள்ள செங்குன்றம் தன் பெயரிலேயே மண்ணின் தன்மையைச் சொல்லி நிற்கிறது. இந்த வட்டாரத்து மேட்டு நிலங்களில் செம்மண்ணும் செம்மணலுமே மிகுதி; ஏரிப் பாசனத் தாழ்வில்தான் களிமண். இட்ட உரத்தில் உள்ள மணிச்சத்தில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பங்கு. மிச்சம் எங்கும் போய்விடவில்லை, மண்ணிலேதான் இருக்கிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் அதன் வாய் மண்ணால் பூசிக் கிடந்தால் உலைக்கு எப்படி அரிசி வரும்?

வறண்ட நிலத்தில் இதற்குமேல் ஓர் இடையூறும் உண்டு. மணிச்சத்து வேரைச் சென்றடைவது மண் துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் வழியாகத்தான். அதுவும் சில மில்லிமீட்டர் தூரமே. மண் காய்ந்தால் அந்தப் படலம் அறுந்துபோகிறது, பாதை மூடிக்கொள்கிறது. மண்ணாய்வு அட்டையில் மணிச்சத்து 'மத்திமம்' என்று காட்டும் நிலத்திலேகூடக் கோடைப் புல்லுக்கு அது கிட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். திருவள்ளூர் மாவட்டம் மழை குறைந்த மாவட்டம் அன்று. ஆனால் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தபின் அடுத்த ஆடி வரை மேட்டு நிலப் புல்லுக்கு வறட்சிதான்.

மேய்ச்சல் நிலம் உழப்படுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. வயலில் அடியுரம் மண்ணோடு கலக்கிறது. புல்வெளியில் வீசிய உரமோ மேல் ஓரங்குல மண்ணிலேயே தங்கிவிடுகிறது. முதலில் காய்வதும் அந்த ஓரங்குலந்தான்.

இனி குப்பை உரத்தின் கணக்கைப் பார்ப்போம். நல்ல தொழு உரத்தில் மணிச்சத்து, உரக்கணக்கில் சொல்லப்படும் பாஸ்பாரிக் அமில அளவில், நூற்றுக்கு 0.2 பங்கு இருக்கும். நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்ட்டில் குறைந்தது 0.4 பங்கு இருக்க வேண்டுமென்று 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டிலோ 16 பங்கு. 50 கிலோ மூட்டை ஒன்றில் 8 கிலோ. அந்த 8 கிலோவைத் தொழு உரத்தில் பெற 4 டன் வேண்டும். நகரக் கம்போஸ்ட்டில் 2 டன். மேய்ச்சல் காட்டுக்கு ஏக்கருக்கு நான்கு டன் தொழு உரம் யார் கொண்டுவந்து கொட்டுவார்கள்? வயலுக்கே போதவில்லை. ஆகவே, குப்பை உரத்தை மணிச்சத்துக்காக மட்டும் நம்புவது கணக்குக்கு ஒத்துவராது.

ஆனால் குப்பை உரத்தின் வேலை சத்தைச் சுமந்து வருவதோடு முடிவதில்லை. அது மக்கும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள், இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடிக்கும் இடங்களைத் தாங்கள் பிடித்துக்கொள்கின்றன. மக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு நீரில் கரைந்து, சுண்ணாம்போடு கட்டுண்ட மணிச்சத்தைச் சிறிது சிறிதாக இளக்குகிறது. நுண்ணுயிர்கள் மணிச்சத்தைத் தம் உடலில் வாங்கி வைத்துக்கொண்டு, மடியும்போது திருப்பித் தருகின்றன. இவையெல்லாம் பாடப்புத்தகங்களில் விரிவாகச் சொல்லப்படுபவை. வறண்ட நிலத்தைப் பொறுத்தவரை, இவற்றைவிட எளிய ஒரு பயனே பெரிதென்று கருத இடமுண்டு: குப்பை உரம் ஈரத்தைச் சில நாட்கள் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. மழை நின்றபின் அந்த நீர்ப்படலம் ஒரு வாரம் அதிகமாக நின்றால், அந்த ஒரு வாரமும் புல் மணிச்சத்தை உண்ணும்.

ஓர் எச்சரிக்கை. மக்காத குப்பை நன்மைக்குப் பதில் தீமை செய்யும். வைக்கோல், மரத்தூள், காய்ந்த இலை போன்றவற்றில் கரிச்சத்து மிகுதி, மணிச்சத்து குறைவு. அவற்றை அப்படியே போட்டால் நுண்ணுயிர்கள் தம் தேவைக்கு மண்ணில் உள்ள மணிச்சத்தையும் இழுத்துக்கொண்டு புல்லைப் பட்டினி போடும். கரிச்சத்து மணிச்சத்தைப்போல் 200 மடங்குக்குள் இருக்குமளவு மக்கிய உரமே மணிச்சத்தை வெளியே விடும். 300 மடங்குக்கு மேற்பட்டால் உள்ளே இழுக்கும். தொட்டால் சூடில்லாமல், மண்வாசனையோடு, உதிரியாக இருப்பதே மக்கியதற்கு அடையாளம்.

கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல் நூற்றாண்டைத் தாண்டி நடந்துவருகிறது. அதே ஊரில் பிற்காலத்தில் அகில இந்தியத் திட்டத்தின்கீழ் ஏற்பட்ட நீண்டகால உரச் சோதனையிலும், பேருரங்கள் மூன்றோடு தொழு உரமும் சேர்ந்து பெற்ற பாத்திகளே விளைச்சலில் முன்நின்றன. இவை உழுது நீர் பாய்ச்சிய பயிர் நிலங்கள்; மேய்ச்சல் காட்டுக்கு அப்படியே பொருத்திச் சொல்லக்கூடாது. ஆயினும், மூட்டையும் குப்பையும் ஒன்றுக்கொன்று பகை என்ற பேச்சுக்கு அந்தப் பாத்திகளில் ஆதாரம் இல்லை.

சூப்பர் பாஸ்பேட் நமக்குப் புதிய சரக்கும் அன்று. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-ஆம் ஆண்டு நம் இராணிப்பேட்டையில்தான் ஏற்பட்டது. நூற்றிருபது ஆண்டு பழகிய உரத்தை விஷமென்று ஒதுக்குவதும் சரியன்று. அதை வறண்ட புல்வெளிமேல் வெறுமனே வீசிப் பாதியை மண்ணுக்குப் பலிகொடுப்பதும் சரியன்று.

இரண்டையும் சேர்க்கும் வழி எளியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிப் பயிர்களுக்குப் பரிந்துரைக்கும் ஊட்டமேற்றிய தொழு உரமே அது. ஹெக்டேருக்கு 750 கிலோ, அதாவது ஏக்கருக்கு 300 கிலோ, நன்கு மக்கித் தூளான தொழு உரத்தை எடுத்து, இடவேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை அதனோடு கலந்து, நீர் தெளித்து, நிழலில் குவித்து மூடி ஒரு மாதம் வைக்கவேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. அந்த ஒரு மாதத்தில் மணிச்சத்தின் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலுக்குள்ளும் அங்ககப் பொருளின் பிடிக்குள்ளும் சேர்ந்துவிடும். பிறகு மண்ணில் விழும்போது இரும்பின் கைக்கு நேரே போய்ச் சேராது. குவியலில் சாம்பலையோ சுண்ணாம்பையோ சேர்க்கக் கூடாது. 'அதுவும் உரந்தானே' என்று அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கரையும் மணிச்சத்தைக் கரையாததாக மாற்றும் வேலையைத்தான் அது செய்யும்.

கொழுக்கட்டைப் புல்லை விதைத்து வளர்க்கும் நிலத்துக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ மணிச்சத்து போதுமானது. அதாவது ஏக்கருக்கு இரண்டு மூட்டை சூப்பர் பாஸ்பேட். தானே முளைத்த புல்வெளிக்கு ஒரு மூட்டைக்கு மேல் செலவிடுவது வீண். அந்தப் புல்லின் விளையும் திறன் அவ்வளவே. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 பங்கு இருப்பதால் சுமை குறைவுதான். ஆயினும் சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் உடன் வருகின்றன. பயறுவகைத் தீவனத்துக்கு இவ்விரண்டும் வேண்டியவை. இராஜஸ்தானத்து ராக் பாஸ்பேட் விலை மலிவு. ஆனால் புளிப்பு மண்ணிலும், கம்போஸ்ட்டோடு சேர்த்து மக்கவைத்தாலும் மட்டுமே அது இளகும்.

புல்லோடு முயல் மசாலைக் கலந்து விதைப்பதை ஒரு துணைச் செய்தியாக நினைக்கலாகாது. ஆஸ்திரேலியாவில் நிலத்தடிக் கிளோவர் என்னும் பயறுவகைத் தீவனத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஜோடியாகக் கையாண்டுதான் ஏழை மண்ணை மேய்ச்சல் நிலமாக்கினார்கள். மணிச்சத்து பயறுச் செடிக்கு. அந்தச் செடி பிடித்துத் தரும் தழைச்சத்து புல்லுக்கு. நம் வறட்சிக்கு முயல் மசால் பொருந்தும். மணிச்சத்து இல்லாத மண்ணிலும் அது பிழைத்துக்கொள்ளும். அதனாலேயே உரம் இடாமல் விட்டுவிடுகிறார்கள். செடி பச்சையாக நிற்கும். மாட்டுக்குப் போகும் மணிச்சத்து குறைவாகவே இருக்கும்.

இடும் காலமும் முக்கியம். ஆடியில் கலந்து மூடினால் ஆவணியில் பதமாகிவிடும். ஆவணி, புரட்டாசியின் இலேசான மழை ஈரத்தில், நாட்டுக் கலப்பையால் மேலாகக் கீறிவிட்டு இடவேண்டும். ஐப்பசி அடைமழையை எதிர்பார்த்து அன்று தூவினால் உரம் ஏரிக்குத்தான் போகும். தூவியபின் நல்ல மழையொன்று பெய்து உரத்துகள் கழுவப்பட்டு, மூன்று வாரம் கழியும்வரை மாட்டை உள்ளே விடக்கூடாது. சூப்பர் பாஸ்பேட் படிந்த புல்லைத் தின்பது மாட்டுக்குக் கேடு.

இவ்வளவும் சொன்னபின், முத்தாபுதுப்பேட்டை விஷயத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. எந்த நிலத்துக்கு இடுவது? மாடு இன்று மேய்வது பெரும்பாலும் பிறருடைய காலி மனையில். நாளை அங்கே கடைக்கால் தோண்டுவார்கள். அதற்கு உரமிடச் சொல்வது நகைப்புக்கிடமாகும். ஏரியின் உட்புறச் சரிவுக்கு இடச் சொல்வது அதைவிடத் தவறு. இந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலி போல ஒன்றிலிருந்து ஒன்று நிரம்புபவை. புழலும் செம்பரம்பாக்கமும் சென்னைக்குக் குடிநீர் தருபவை. நீரில் மணிச்சத்து சிறிது கூடினாலும் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிவிடும். 'இயற்கை உரந்தானே, எவ்வளவு போட்டாலும் என்ன?' என்போர் கவனிக்கவேண்டியது இது. கம்போஸ்ட்டில் தழைச்சத்தோடு ஒப்பிட மணிச்சத்தின் பங்கு அதிகம். தழைச்சத்துத் தேவைக்காக ஆண்டுதோறும் டன் கணக்கில் கொட்டினால், புல் எடுத்தது போக மிஞ்சும் மணிச்சத்து மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மழைநீரில் மண்ணோடு கரைந்து ஏரியைச் சேர அதற்கு விஷமென்றோ அமுதமென்றோ பேதம் தெரியாது.

ஆக, உரமிடத் தகுந்தவை இரண்டு வகை நிலங்களே. பாலவேடு, மிட்டனமல்லிப் பக்கம் பயிர் வைக்காமல் கிடக்கும் சொந்தப் பட்டா மேட்டு நிலங்கள் ஒன்று. வேலியிட்டுக் காக்க முடிந்த மேய்க்கால் புறம்போக்கு மற்றொன்று. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது. மீட்ட நிலத்தில் பலகை நட்டுவிட்டுப் போனால் மறுபடி முள் மண்டும். அதில் புல் வளர்க்க முன்வரும் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு மேய்ச்சல் உரிமை தருவதே அதைக் காக்கும் வழி.

இதற்குக் காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காட்டைப் பார்க்கலாம். மழை அங்கே இங்குள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் கிளுவை வேலிக்குள், வெள்வேல் மரநிழலில், கொழுக்கட்டைப் புல் நிற்கிறது. மாடு அங்கேயே மேய்ந்து அங்கேயே சாணமிடுகிறது. மாடு கழிக்கும் மணிச்சத்தில் ஏறக்குறைய முழுவதும் சாணத்தில்தான் போகிறது. கோமியத்தில் மிகச் சொற்பம். ஆகவே சாணம் விழுந்த இடத்திலேயே கிடந்தால் புல் தந்த மணிச்சத்தின் பெரும்பங்கு புல்லுக்கே திரும்புகிறது. நம் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தின் கதையோ தலைகீழ். பகலெல்லாம் அங்கே மேய்ந்த மாட்டின் சாணத்தைக் கூடைக்காரர் உடனே வாரிக்கொண்டார். இரவெல்லாம் ஆட்டுக்கிடை நஞ்சையில் கிடந்தது. தலைமுறை தலைமுறையாக மேய்க்காலின் மணிச்சத்து வயலுக்கும் வரட்டிக்கும் பாலுக்கும் போனதேயன்றி, ஒரு கூடைகூடத் திரும்பி வந்ததில்லை. வரட்டியை எரித்தால் தழைச்சத்துத்தான் போகும். மணிச்சத்து சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலும் பாத்திரம் துலக்கிச் சாக்கடையில் போயிற்று.

அந்தக் கடனைத் திருப்பித் தர இன்று நகரத்தின் கையில் ஒரு பொருள் இருக்கிறது. 2019-இல் மாநகராட்சியான ஆவடி உள்பட, சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்கும் குப்பை தினந்தோறும் மலைபோல் சேர்கிறது. நுண் உரமாக்கல் மையங்களில் அது உரமாகிறது. அதில் ஒரு பங்கைச் சலித்து, சோதித்து, மேய்க்கால் நிலத்துக்கென்று ஒதுக்கினால் அதைவிடப் பொருத்தமான உபயோகம் வேறில்லை. 'சோதித்து' என்ற சொல்லை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. நகரக் கம்போஸ்ட்டில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாதென்பது விதி. மாடு புல்லோடு மண்ணையும் சேர்த்துத் தின்னும் பிராணி. கண்ணாடிச் சில்லும், ஆணியும், பிளேடும் கலந்த குப்பையை மேய்ச்சல் நிலத்தில் கொட்டினால் மணிச்சத்துக்குப் பதில் மாட்டின் வயிற்றைக் கிழிக்க இரும்பு போய்ச் சேரும். சோதனைச் சான்றில்லாத கம்போஸ்ட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

நிலமே இல்லாமல் இரண்டு மாடு வைத்திருப்பவர் என்ன செய்வது? அவருக்கு உரப்பேச்சால் பயனில்லை. தைலர் காட்டிய வழியே நேர்வழி: மாட்டின் வாய்க்குக் கொடுப்பது. தாது உப்புக் கலவையைப் பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை தவிட்டில் கலந்து வைக்கலாம். கால்நடை மருத்துவரைக் கேட்டு அளவை உறுதி செய்துகொள்வது நல்லது. மண்ணில் இட்டால் நூற்றில் எழுபத்தைந்து மாட்டிக்கொள்ளும் சத்து, தொட்டியில் வைத்தால் நேரே மாட்டுக்குப் போகிறது. மிஞ்சியது சாணத்தில் வருகிறது. மணிச்சத்துக் குறைவான ஊரில் மேய்ச்சல் நிலத்துக்கு உரமிடும் மலிவான வழிகூட இதுவே எனலாம், சாணத்தை விட்டுவைத்தால்.

நிலம் உள்ளவர்கள் மூட்டை வாங்குமுன் மண்ணைச் சோதித்துவிட வேண்டும். கிடைக்கும் நிலையிலுள்ள மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு; 22 கிலோவுக்கு மேலிருந்தால் அதிகம். அதிகமாக உள்ள நிலத்துக்கு அந்த ஆண்டு சூப்பர் பாஸ்பேட் வேண்டாம்; குப்பை உரம் மட்டும் ஈரத்துக்காக இடலாம். மண் புளிப்பாக இருந்தால் சோதனை முறை மாறும். அதை ஆய்வுக்கூடத்தார் பார்த்துக்கொள்வார்கள். மாதிரி எடுப்பதில் மட்டும் பயிர் நிலத்துக்கும் புல் நிலத்துக்கும் வேறுபாடு உண்டு. வயலுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம். புல்வெளிக்கு 5 சென்டிமீட்டர் போதும். சாணம் கிடந்த இடம், மரத்தடி, மாடு கட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் பையிலிட வேண்டும். விவரம் வேண்டுவோர் திருவள்ளூரை அடுத்த திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஆடிக்கு முன் மண் போய்ச் சேர்ந்தால்தான் ஆவணிக்கு உரம் பதமாகும்.